முந்நூறு கிராம் சுண்ணாம்பு

மே 18, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். பத்து மணிக்குத்தான் எதிர் லைன் வீட்டுக் கதவு தெரிந்தது. துணி எதுவும் காயவில்லை.

பழைய எஸ்டேட் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் என்றைக்கோ அடித்த மருந்துகளின் விவரம். யாரும் புரட்ட மாட்டார்கள்.

ஜூன் 24, வேதியியல் பரீட்சை. சென்டர் சேலத்தில். ப்ளஸ் டூவில் எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே பாடம். பதினேழு வயதில் ஒரு தடவை போனது. கல்யாணத்துக்கு அப்புறம் மூன்று தடவை. இது ஐந்தாவது. கிராம நர்ஸ் பயிற்சியில் முப்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். ஆவணி வந்தால் எனக்கு முப்பத்தைந்து. ஆகவே இதுதான் கடைசி. இதற்குப் பிறகு பாஸானால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை:
- ஹால் டிக்கெட்டுக்கு போட்டோ
- பரீட்சை நாளுக்கு எஸ்டேட் ரைட்டரிடம் லீவு (எப்போது கேட்டாலும் மூஞ்சியைத் தூக்குவார்)
- மண்ணெண்ணெய்
- புது கைடு

கைடு வாங்க ஒண்டிக்கடைக்கு நடந்தேன். நோட்டுப் புத்தகக் கடை பாய்க்கு என் பரீட்சை வரலாறு முழுக்கத் தெரியும்.

"ஏனுங்க கமலா, போன வருசம் வாங்குன கைடே மடிப்புக் கலையாம இருக்குமேங்க."

"எலி தின்னுடுச்சுங்க பாய்."

பொய் இல்லை. கரிம வேதியியலை மட்டும் தின்றது. அதற்காவது ஏறட்டும்.

சாயங்காலம் நி.அ.ச. எடுத்தேன். நிகர அயனிச் சமன்பாடு. கைடில் போட்டிருக்கும் வழி, எனக்குப் புரிகிற மாதிரி:

1. முழுச் சமன்பாட்டை எழுதிச் சமன் செய்.
2. தண்ணீரில் கரைவதை எல்லாம் அயனியாகப் பிரி. கரையாமல் அடியில் படிவதைப் பிரிக்காதே.
3. இரண்டு பக்கமும் மாறாமல் அப்படியே நிற்கிறதை அடித்துவிடு. அதற்குப் பெயர் பார்வையாளர் அயனி. வேலை நடக்கும் இடத்தில் இருக்கும், வேலை செய்யாது.
4. மிச்சம் இருப்பதுதான் விடை. அணுவும் சரியாக வர வேண்டும், மின்சுமையும் சரியாக வர வேண்டும்.

நான் விழுவது நாலாவதில். அணுவை எண்ணுவேன், சுமையை மறப்பேன். இன்று ஆறு கணக்கு. ஆறும் தப்பு.

வீட்டுக்காரர் மரம் கவாத்து வேலையிலிருந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "கூட்டலும் கழித்தலும் எழுத்துத் தலைமேல ஏறி உக்காந்திருக்குது. கீழ எறக்கி உடு, பாவம்." சிரிப்பு வரவில்லை எனக்கு. ரசம் மட்டும் வைத்தேன்.

மே 20, புதன்

வெயில். மருந்து கலக்கும் வேலை இன்று தொடக்கம். மழை பிடிக்கும் முன் மிளகுக்கும் காப்பிக்கும் போர்டோ மருந்து அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கொடி வாடிப்போகும்.

வேலை இதுதான். ஒரு டிரம்மில் ஐம்பது லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். நீலமாகக் கரையும். இன்னொரு டிரம்மில் ஐம்பது லிட்டர், ஒரு கிலோ சுண்ணாம்பு. மூன்றாவது டிரம்மில் இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். நீலம் நான், வெள்ளை பாப்பாத்தி அக்கா. வானத்து நிறத்தில் மோர் மாதிரி வரும். அப்புறம் அக்கா இடுப்பில் செருகியிருக்கும் இரும்புக் கத்தியை அதில் முக்கி வைப்பார். வெற்றிலை போட்டு ஒரு சுற்று மெல்லுவார். கத்தியை எடுத்துப் பார்த்தால், செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு போடு. இரும்பு இரும்பாகவே இருந்தால் மருந்து ஆச்சு, அடிக்கக் கொடு.

பா.அக்கா பதினாலு வருஷமாகக் கலக்குகிறார். கையெழுத்து வராது, கைநாட்டு. நான் மூன்று வருஷம். ஆனால் படித்தவள் என்று ரைட்டர் என்னைத்தான் மேலே வைத்திருக்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

இன்று ஊற்றும்போதே தோன்றியது. இது அந்தப் பக்கத்தில் இருக்கிற சமாச்சாரம்தானே. சோற்று நேரத்தில் எழுதிப் பார்த்தேன்.

Cu²⁺ + 2OH⁻ → Cu(OH)₂↓

இடப்பக்கம் கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு, மொத்தம் பூஜ்யம். வலப்பக்கம் பூஜ்யம். சரி.

அப்புறம் கரைதிறன் அட்டவணையைப் பார்த்தால், கால்சியம் சல்பேட்டும் அவ்வளவாகக் கரையாதாம். நான் பார்வையாளர் என்று அடித்துவிட்டேன். திரும்ப முழுசாக:

Cu²⁺ + SO₄²⁻ + Ca²⁺ + 2OH⁻ → Cu(OH)₂↓ + CaSO₄↓

எங்கள் டிரம்மில் பார்வையாளரே கிடையாது. எல்லாருக்கும் வேலை.

கத்திக்கும் எழுதினேன்: Fe + Cu²⁺ → Fe²⁺ + Cu. இரண்டு பக்கமும் கூட்டல் இரண்டு. கைடின் கடைசிப் பக்கத்தில் இதே விடை. யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், வாழ்க்கையில் முதல் தடவை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "கத்தியில ஏறுற அந்தச் செவப்பு இருக்குதுங்களே அக்கா, அது செம்புங்க."

"செம்பாட்டம் இருந்தா செம்புதான கண்ணு. இதுக்கு எதுக்கு இத்தன நாள் படிச்ச."

கோபம் வந்தது. இருந்தாலும் இன்று நல்ல நாள்.

மே 23, சனி

சுண்ணாம்பு லாரி வரவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம், மலை மேல் வண்டி வரிசை நிற்கிறது, அதனால் இரண்டு நாள் தாமதம் என்கிறார்கள். ஸ்டோரில் போன வருஷம் பிரித்த மூட்டை ஒன்று மூலையில் கிடந்தது. நிறுத்தினேன். நாலு கிலோகூட இல்லை. திங்கட்கிழமைக்கு வேண்டியது பத்து டிரம், பத்துக் கிலோ.

ரைட்டர்: "அஞ்சாம் நம்பர் காட்டு மெளகு திங்கக்கெழம முடியோணும். மழ எறங்கிட்டா அடிச்சும் பிரயோசனமில்ல. இருக்கறத வெச்சு எத்தன டிரம் வருதோ கலக்குங்க."

அந்தக் கணக்குப்படி மூன்று டிரம் வரும், நாலாவது அரைகுறை. மிச்சக் கொடிக்கு மருந்து இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று. மயில்துத்தம் ஒரு மோல் 249.5 கிராம். சுண்ணாம்பு ஒரு மோல் 74 கிராம். அப்படியானால் ஒரு கிலோ மயில்துத்தத்துக்குச் சுண்ணாம்பு முந்நூறு கிராம் போதும். 296.6. ரவுண்டாக முந்நூறு. பத்து டிரம்முக்கு மூன்று கிலோ. இருப்பதே மிச்சமாகும்.

நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் அதே.

இத்தனை வருஷமாக மூன்று மடங்கு சுண்ணாம்பைக் கொட்டியிருக்கிறோம். பம்ப்பின் நாஸில் முனை அடைத்துக்கொள்கிறது என்று மருந்து அடிக்கிற ஆண்கள் திட்டுவதும் அதனால்தான். யாராவது ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போடவில்லை. நான் போட்டேன்.

ரைட்டரிடம் இப்போது சொல்ல வேண்டாம். செய்து காட்டிவிட்டுச் சொல்லலாம். லீவு கேட்கவும் அது தோதாக இருக்கும்.

மே 25, திங்கள்

மேகம். காற்று இல்லை. மருந்து அடிக்க நல்ல நாள்.

பத்து டிரம். முந்நூறு, முந்நூறு கிராமாக நானே நிறுத்துக் கொடுத்தேன். அக்கா கரைத்து ஊற்றினார்.

"என்ன சாமி, கொழம்புக்கு உப்புப் போடறாப்பல குடுக்கற."

"போதுமுங்கக்கா. கணக்குப் போட்டுட்டேன்."

"நெறமே வரலையே. மோராட்டம் வரோணுமே."

நிறம் கொஞ்சம் கூடுதல் நீலமாகத்தான் இருந்தது. சுண்ணாம்பு குறைவு, வெள்ளை குறைவு, அவ்வளவுதான் என்றேன். அக்கா கத்தியை உருவினார். "ஒருக்கா முக்கிப் பாத்துர்லாம்."

நான் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "சமன் ஆன சமன்பாட்டுக்கு எதுக்குங்கக்கா கத்தி."

அக்கா என்னைப் பார்த்தார். கத்தியைத் துடைத்துத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் ஐந்தாம் நம்பர் முடிந்தது. நாஸில் ஒன்றுகூட அடைக்கவில்லை. "இன்னைக்கு மருந்து தண்ணியாட்டம் போச்சுங்க" என்றார்கள். காலில் வலியே தெரியாமல் வீட்டுக்கு ஏறி வந்தேன்.

ராத்திரிச் சமையல் முடிந்ததும் அவரிடம் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

மே 26, செவ்வாய்

தூறல். ரேஷனில் சர்க்கரை இல்லை. போட்டோ எடுத்தாயிற்று, கண் பாதி மூடிய மாதிரி விழுந்திருக்கிறது. ஹால் டிக்கெட்டுக்கு இது போதும்.

நி.அ.ச. பத்துக் கணக்கு. எட்டுச் சரி.

மே 29, வெள்ளி

எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

காலையில் ஐந்தாம் நம்பருக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். மிளகுக் கொடியில் இளந்தளிர் அத்தனையும் கருகியிருக்கிறது. தீயில் வாட்டின மாதிரி ஓரம் சுருண்டு, கறுப்பு. விட்டிருந்த சரமெல்லாம் கீழே. சில்வர் ஓக் மரத்தடியில் பச்சையாக உதிர்ந்து கிடந்தது, மிதிக்காமல் நடக்க இடமில்லை. நடுவில் இரண்டு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. அங்கே அன்றைக்கு மருந்து அடிக்காமல் விட்டுப்போனது.

ரைட்டர் முகம் வெளுத்திருந்தது. அவரும் மேலே ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டும். "மருந்துல சுண்ணாம்பு பத்தல. யாரு கலக்குனது?"

நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தோம். அரை நிமிஷம் இருக்கும்.

அக்கா: "நாந்தானுங்க. சுண்ணாம்பு நாந்தான் கொட்டுனேன்."

"கத்தி முக்கிப் பாத்தியா?"

"இல்லீங்க."

"பதினாலு வருசமா கலக்கற. முக்கிப் பாக்காம எப்படிம்மா குடுப்ப?"

"மறந்துட்டனுங்க."

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். "நீ எங்கம்மா இருந்த?"

அக்கா முந்திக்கொண்டு: "அவ நீலத்துப் பக்கம் இருந்தாளுங்க. அவளுக்குத் தெரியாது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், லீவு போகும், பரீட்சை போகும் என்று அந்த அரை நிமிஷத்தில் வரிசையாகத் தோன்றியது. இவ்வளவு வேகமாக எனக்கு எந்தக் கணக்கும் வந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அப்படி நிற்கிறதுக்குக் கைடில் ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

பா.அக்காவை இன்றோடு நிறுத்திவிட்டார்கள். லைன் வீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி பண்ண வேண்டும்.

மே 30, சனி

சோற்றை அப்படியே மூடி வைத்தேன். அவர் கேட்டார், தலைவலி என்றேன்.

கணக்கு எங்கே தப்பு என்று பார்த்தேன். தப்பு இல்லை. 249.5 சரி, 74 சரி, ஒன்றுக்கு ஒன்று சரி.

ஸ்டோருக்குப் போய் அந்தப் பழைய மூட்டையில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அப்படியே அடியில் போய் மணலாக உட்கார்ந்தது. விரலில் வைத்துத் தேய்த்தால் வழுக்கவும் இல்லை, எரியவும் இல்லை. ஒரு வருஷம் வாய் திறந்து கிடந்த மூட்டை. காற்றுப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு.

Ca²⁺ + 2OH⁻ + CO₂ → CaCO₃↓ + H₂O

முதல் முயற்சியிலேயே சமன் ஆகிவிட்டது. OH⁻ எல்லாம் காற்றோடு போயாச்சு. செம்பைப் பிடித்துக் கீழே உட்கார வைக்க ஆள் இல்லை. செம்பு அப்படியே இலைமேல் போய் உட்கார்ந்து எரித்திருக்கிறது. கிலோவுக்குக் கிலோ போட்டதெல்லாம் வீண் இல்லை. சுண்ணாம்பு எவ்வளவு செத்திருந்தாலும் ஈடுகட்டத்தான். அதுவும் பற்றாவிட்டால் கத்தி சொல்லிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நான் மட்டும்தான் மூட்டைக்குள் இருப்பது Ca(OH)₂ என்று நம்பினேன், கைடில் அப்படிப் போட்டிருப்பதால்.

ஒரு தடவை கத்தியை முக்கியிருந்தால் போதும். அக்கா கையில் இருந்தது. உருவியும் ஆச்சு.

மே 31, ஞாயிறு

மழை. பா.அக்கா போய்விட்டார். மாரமங்கலத்தில் தம்பி வீடு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சாமான் என்று பெரிதாக எதுவும் இல்லை: ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குண்டான், பாய், சாமி படம். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் போனார். நான் குண்டானை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"அக்கா, நான் ரைட்டர்கிட்ட சொல்லிடறனுங்க."

"எதச் சொல்ற. போனது ஒரு ஊடு. ரெண்டா போகோணுமா?" மழைச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே சொன்னார். "எனக்கு இன்னும் எத்தன வருசம் மூட்ட தூக்க முடியும். நீ பரீச்ச எழுது கண்ணு. நொம்ப யோசன பண்ணாத."

முன்னால் போன வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 4, வியாழன்

ஆபீஸ் வாசல்வரை போனேன். ரைட்டர் போனில் யாருக்கோ "ஆமாங்க, ஆமாங்க" சொல்லிக்கொண்டிருந்தார். நின்றேன். போனை வைத்துவிட்டு, "என்னம்மா, லீவா?" என்றார்.

"ஆமாங்க."

"இருபத்திநாலுதான? எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மூஞ்சியைக்கூடத் தூக்கவில்லை. பரீட்சை முடியட்டும், அதற்கு அடுத்த நாள் சொல்லிவிடுகிறேன் என்று முடிவு. பாஸாகிப் பயிற்சிக்குப் போய்விட்டால் சொல்லவும் பயம் இருக்காது.

எவ்வளவு சுத்தமாக யோசிக்கிறேன்.

ஜூன் 10, புதன்

படிக்க வேண்டியது:
- மின்வேதியியல்
- அணைவுச் சேர்மங்கள்
- கரிம வேதியியல் முழுவதும்
- நி.அ.ச. (முடிந்தது, வேண்டாம்)

படித்தது: நி.அ.ச.

வேறு எதைத் திறந்தாலும் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. நி.அ.ச. மட்டும் வருகிறது. இருபது போட்டேன், இருபதும் சரி. பேரியம் குளோரைடு, காரீய நைட்ரேட், எதுவானாலும் அடிக்க வேண்டியதை அடிக்கிறேன், சுமையை எண்ணுகிறேன், சமன் ஆகிறது. போன மாதம் இதற்காக ஏங்கினேன். இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் கை அதைத்தான் எடுக்கிறது.

டிரம்மில் புதிதாக ஒரு பெண், ஈஸ்வரி. ஓமலூர்ப் பக்கம். கத்தி எதற்கு என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். பா.அக்கா இருந்த வீட்டில் அவர்கள்தான் குடி வந்திருக்கிறார்கள்.

ஜூன் 17, புதன்

காய்ச்சல். அவர் கஞ்சி வைத்தார், உப்பு அதிகம். "இந்தத் தடவ உட்டுடு, ஒடம்பப் பாரு" என்றார். அவருக்கு ஆவணிக் கணக்கு மறந்துபோச்சு. கத்தினேன். பாவம், கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அக்கா வீடு போனதற்கு நான் பாஸாவதுதான் ஒரே ஈடு. அதையாவது செய். எழுந்து உட்கார். படி.

படித்தேன். மூன்று பக்கம். மூடினதும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

ஜூன் 24, புதன்

முதல் பஸ். இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தேன். சேலத்தில் இறங்கியதும் புழுக்கம். ஹாலில் என்னைத் தவிர எல்லாம் சின்னப் பிள்ளைகள். முன் பெஞ்சுப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், டீச்சர் என்று நினைத்து.

கேள்வித்தாளில் ஒன்பதாவது: காப்பர் சல்பேட் கரைசலுடன் சோடியம் ஹைட்ராக்சைடு. நிகர அயனிச் சமன்பாட்டை எழுதிச் சமன் செய்க.

எழுதினேன். சோடியத்தையும் சல்பேட்டையும் அடித்தேன். அம்பு, வீழ்படிவுக் குறி, சுமை எல்லாம் ஒழுங்காக. மூன்று மார்க். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அதற்குமேல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. கரிம வேதியியல் கேள்விகள் எல்லாம் யாரோ வேறு ஆளுக்குக் கேட்டவை. ஒரு மார்க் கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறி போட்டேன். ஒரு கேள்வி தெரிந்தது, போன வருஷம் படித்தது. பாதி எழுதினேன், அந்த ஐந்தாம் நம்பர் கண்ணுக்குள் வந்தது, மீதி போய்விட்டது. இரண்டு மணி நேரம் முடிந்த மணி அடித்ததும் பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். சூப்பர்வைசர், "இன்னும் டைம் இருக்குங்களே" என்றார்.

ரிசல்ட் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. எப்படிக் கூட்டினாலும் பாஸ் வராது. பஸ் ஸ்டாண்டில் அவருக்குச் சட்டைத் துணி பார்த்தேன், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி எழுதுன?" என்றார்.

"சுமாருங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது. முதுகில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

ஜூன் 26, வெள்ளி

ரைட்டரிடம் சொன்னேன். முந்நூறு கிராம், பழைய மூட்டை, கத்தி, எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அப்புறம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இப்ப வந்து சொல்றியேம்மா. மேல எழுதி அனுப்பி, ஃபைல மூடியாச்சு. அந்த ஊட்டுக்கு வேற ஆளு வந்தாச்சு. நான் மறுபடியும் போய், ஆளு மாறிப்போச்சுங்கன்னு சொன்னா என்ற சீட்டுக் கிழிஞ்சிரும்."

"என்னை நிறுத்திடுங்க. அவங்களைக் கூப்பிட்டுக்கங்க."

"உன்னையும் நிறுத்திட்டு மருந்து யாரு கலக்கறது? அந்த ஓமலூருப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது. போ. நாளைக்கு ஏழாம் நம்பர். கத்தி முக்கிப் பாத்துக் குடு."

வெளியே வந்தேன். இத்தனை நாள் என் தலைமேல் தொங்கியது இவ்வளவுதான். அன்றைக்கே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், பரீட்சை போயிருக்கும், அக்கா இருந்திருப்பார். இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

மாரமங்கலம். பஸ் இறங்கி ஒரு மைல் நடை. மழை விட்டிருந்தது, பாதை முழுக்கச் சேறு. ஆரஞ்சு வாங்கிப் போனேன்.

பா.அக்கா தம்பி வீட்டுக்குப் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"வா சாமி, வா. பரீச்ச முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்கக்கா."

"நல்லா எழுதுனியா?"

ஒரு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "நல்லா எழுதியிருக்கனுங்க" என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நான் போகவில்லை. வாய் அதைத்தான் சொன்னது.

அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தம்பி பெண்டாட்டி தண்ணீரோடு வந்தாள். "இவதான் நான் சொன்ன கமலா. நர்சா வரப்போறா." அப்புறம் சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காலைக் காட்டினார்.

இடது பாதம். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் புண். மண்வெட்டி பட்டதாம், மூன்று வாரம். சுற்றிலும் கறுத்திருக்கிறது. நாலு அடி தள்ளி நின்றாலே வாசம் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலீங்களாக்கா?"

"தம்பி தெனமும் கூப்புடறான். நாந்தான் வேண்டாம்னுட்டேன். அங்கெல்லாம் சிடுசிடுன்னு எரிஞ்சு உழுவாங்க. நீ நர்சாயிட்டு வா, நீயே கட்டு. அது வரைக்கும் இப்படியே கெடக்கட்டும்."

"அதுக்கு நாளாகுமுங்க. நாளைக்கே போகோணும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன நாளு. ஆவணிக்குள்ளன்னு நீதான சொன்ன."

அப்போது சொன்னேன். "அக்கா, நான் பொய் சொல்லிட்டனுங்க. நல்லா எழுதல. பாஸாக மாட்டேன். நான் நர்ஸ் ஆக மாட்டனுங்கக்கா."

அக்கா சிரித்தார். தம்பி பெண்டாட்டியும் சிரித்தாள்.

"நல்லாப் படிக்கற புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் சொல்லும். கண்ணுபடும்னு பயம்."

இன்னொரு தடவையும் சொன்னேன். ஒன்பதாவது கேள்வியைத் தவிர ஒன்றும் எழுதவில்லை என்றேன். கேட்கவே இல்லை. ஆரஞ்சை உரித்து எனக்கே பாதி கொடுத்தார். தம்பி வந்ததும் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டாவது போங்கள் என்று சொன்னேன். "நாங்க சொன்னாக் கேக்க மாட்டேங்குதுங்க. நீங்க வந்தாத்தான்னு ஒரே புடியா நிக்குது" என்றார்.

நாளைக்கு ஏழாம் நம்பர் மிச்சம் இருக்கிறது, லீவு கேட்க வேண்டும். கிடைக்காவிட்டாலும் வந்தாக வேண்டும். வந்தாலும் எழுந்து வருவாரா, தெரியவில்லை.

கிளம்பும் முன் தண்ணீர் காய்ச்சச் சொல்லிப் புண்ணைக் கழுவினேன். என் சேலைத் தலைப்பில் கிழித்த துணியை வைத்துக் கட்டினேன். எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எதுவும் தெரியவில்லை. முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. வலித்திருக்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கட்டி முடித்ததும் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, என்ன பதமான கை. இப்பவே பாதி வலி போயிருச்சு."